பள்ளிக்கூடம் போட்ட படம்

சனிக்கிழமை காலையில் ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி ஸ்ரீராம்புரம் போவேன். வாரத்தில் ஐந்து நாள் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலை. ஆறாவது நாள் அதையே ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாஸ்வேர்டு எப்படி வைப்பது, ஓடிபியை ஏன் யாரிடமும் சொல்லக்கூடாது, முன்பின் தெரியாதவன் மெசேஜ் அனுப்பினால் என்ன செய்வது. கடைசி ஸ்லைடில் 'உன் பாதுகாப்பு உன் கையில்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

முன்வரிசையில் ஒரு பெண் உட்காருவாள். அவளிடம் போன் கிடையாது. அம்மாவின் போனில்தான் ஹோம்வொர்க் பார்ப்பாள். சமூக வலைத்தளம் எதிலும் கணக்கும் இல்லை. ஆனாலும் நான் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வாள். கேட்டால், "போன் வாங்குனப்புறம் தேவப்படும் மிஸ்" என்பாள்.

ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை. வகுப்பு முடிந்ததும் தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"உங்க கிளாஸ் பொண்ணு பண்ணியிருக்கற வேலையப் பாருங்க" என்று போனை நீட்டினார்.

அந்தப் பெண்ணின் பெயரில் யாரோ ஒரு போலிக் கணக்கு தொடங்கியிருந்தான். அவள் முகம். அதன் கீழே வாயால் சொல்ல முடியாத வார்த்தைகள். அதற்கும் கீழே ஒரு போன் நம்பர். சுவரோரமாக அவள் அம்மா நின்றுகொண்டிருந்தார். தெருக் கூட்டும் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், மாநகராட்சிச் சீருடைகூட மாற்றவில்லை. மேசைக்கு முன்னால் நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"போட்டோ போடாதீங்க, போடாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? பொண்ணுங்களுக்கு மட்டும் ஸ்ட்ரிக்டா ஒரு கிளாஸ் எடுங்க" என்ற தலைமை ஆசிரியை, அம்மாவின் பக்கம் திரும்பினார். "சின்னப் பொண்ணு கையில எதுக்கும்மா போன் குடுத்தீங்க?"

"அவகிட்ட ஏது மேடம் போனு? அது என் நம்பரு. நேத்து காலையிலேருந்து எவன் எவனோ கூப்புட்றான். நான் ரோடு பெருக்குறதா, இவனுங்களுக்குப் பதில் சொல்றதா?"

படத்தை மறுபடி பார்த்தேன். யூனிஃபார்மில், கையில் கோப்பையோடு நிற்கிறாள். பின்னால் பாதி வெட்டுப்பட்ட பேனர். ஆண்டு விழா மேடை. என் போனில் பள்ளியின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். உலகத்தில் எவன் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆண்டு விழா ஆல்பத்தில் அதே படம். அடியில் அவள் முழுப்பெயர், வகுப்பு, பிரிவு. கொஞ்சம் கீழே, சுற்றுலா போகும் பிள்ளைகளின் பட்டியல், பெற்றோரின் போன் நம்பர்களோடு. அந்தப் பொறுக்கிக்குத் திறமையே தேவைப்பட்டிருக்காது. எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பரிமாறியிருந்தார்கள்.

எட்டு மாதமாகப் பக்கத்து அறையில் நின்று 'யாரிடமும் நம்பர் கொடுக்காதே' என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருநாள்கூட இந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. வந்த கோபத்தில் பாதி என்மேல்தான்.

"மேடம், போட்டோ போட்டது அவ இல்ல. நீங்க."

"அது அட்மிஷன் பப்ளிசிட்டி. எல்லா ஸ்கூல்லயும் போடறாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதையெல்லாம் இப்பவே எடுங்க. எடுக்கற வரைக்கும் நான் நகரமாட்டேன்."

காலி நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காருங்கக்கா" என்றேன். தயங்கினார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

தலைமை ஆசிரியை கடைசியில் ஆபீஸ் கம்ப்யூட்டரைக் காட்டினார். பள்ளிப் பக்கத்தின் பாஸ்வேர்டு மானிட்டர் மேலேயே ஒட்டியிருந்தது. பள்ளியின் பெயரும் 123-ம். சத்தமாகச் சிரித்துவிட்டேன். கேட்கச் சகிக்காத சிரிப்பு. ஆல்பமும் பட்டியலும் போக ஒரு மணி நேரம் ஆயிற்று.

பிறகு அம்மாவோடு அவர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் நோட்டை எடுத்து நீட்டினாள். தேதி, நேரம், அந்தப் போலிக் கணக்கின் முகவரி, எல்லாம் எழுத்து எழுத்தாக இருந்தது.

"அம்மா எல்லாத்தையும் டிலீட் பண்ணுன்னாங்க மிஸ். நான்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சேன். ஆதாரம் வேணும்னு சொன்னீங்கல்ல." கொஞ்சம் நிறுத்தி, "நான் தப்பு எதுவும் பண்ணலதானே மிஸ்?" என்றாள்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிள்ளை இதைக் கேட்கிறது. "இல்லடா, எதுவுமே பண்ணல" என்றேன்.

அப்போது போன் அடித்தது. அம்மா எடுத்தார். "அவ அம்மாதான் பேசுறேன். கையில தொடப்பம் வெச்சினுகீறேன். வர்றியா?" எதிர்முனை வைத்துவிட்டது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மூன்று பேரும் புகார் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே இருந்தவர் முதலில் கேட்டது, பெண் யாரோடு சாட் செய்துகொண்டிருந்தாள் என்று. கோபம் வந்தால் என் கன்னடம் காலை வாரிவிடும். அம்மாதான் தெளிவான கன்னடத்தில், "என் பொண்ணு எழுதிவெச்சிருக்கா சார், முதல்ல அதைப் படிங்க" என்றார். அன்று படிக்கவில்லை. மறுநாளும் போய் உட்கார்ந்த பிறகுதான் புகாரை வாங்கினார்கள். நான்காம் நாள் அந்தக் கணக்கு போனது. தொடங்கியவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

அவள் திரும்பப் பள்ளிக்குப் போன அன்று, காலைப் பிரார்த்தனையில் தலைமை ஆசிரியை 'பெண்களும் செல்போனும்' என்ற தலைப்பில் பேசினாராம். பள்ளியின் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எல்லாரும் என்னையே திரும்பிப் பாத்தாங்க மிஸ்" என்று அம்மாவின் போனிலிருந்து சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் கொஞ்சம் தாங்கியிருப்பேன். அவள் அங்கேதான் படிக்கிறாள். சனிக்கிழமை வகுப்பு இனி தேவையில்லை என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது.

இப்போது லிங்கராஜபுரத்தில் வேறொரு பள்ளிக்குப் போகிறேன். முதல் நாள் பாடத்தை ஆசிரியர்களுக்குத்தான் எடுப்பேன் என்று கேட்டு வாங்கினேன். அவர்கள் பள்ளியின் பக்கத்தையே திரையில் திறந்து காட்டினேன்.

"பசங்களுக்கு என்ன சொல்லித்தரணும்னு சொல்லுங்க மேடம்" என்றார் ஒருவர்.

"பசங்க அப்புறம் சார்."

இரண்டு பேர் எழுந்து போனார்கள். போகட்டும். மீதிப் பேரை உட்கார வைத்து, அன்று மதியத்துக்குள் எல்லா ஆல்பத்தையும் நீக்கினோம்.