வேறொருவர் சீட்டில் முனியம்மாக்கா

ஜமுனாமரத்தூரில் நாங்கள் விடும் கோயில் பஸ்ஸில் ஒருவர் வராமல் நின்றுவிட்டால், அந்தச் சீட்டில் இன்னொருவரை ஏற்றிக்கொள்வோம். காசிக்கு நான் விமான டிக்கெட் போட்ட பன்னிரண்டு பேரில் ஒருவர் தீட்டு என்று நின்றார். அதே நினைப்பில் ஆலங்காயத்து முனியம்மாக்காவை அழைத்துப் போனேன். அவர் கணவரின் அஸ்தியோடு வந்தார்.

விமான நிலைய வாசலில் காவலர் தடுத்தார். "டிக்கெட்ல இருக்கிற பேரும் ஆதாரும் ஒண்ணா இருக்கணும்மா."

"சீட்டு எங்களுதுதானுங்க சார்!" என்று கெஞ்சினேன். பெயரை மாற்ற முடியாதாம். புது டிக்கெட்டும் இல்லை.

அக்கா திட்டவில்லை. அஸ்திச் சொம்பை என் கையில் வைத்தார். "இன்னாப்பா அழுவுற? அவருக்கு டிக்கெட்டே கேக்க மாட்டாங்க. நீ இட்டுனு போ."

வந்த வேனிலேயே அவர் திரும்பினார். கங்கையில் நான்தான் கரைத்தேன். இன்றும் சாமி முன் கைகூப்பினால், அந்தச் சொம்பின் கனம் உள்ளங்கையில் தெரிகிறது.