எண்ணெய் படாத காகிதம்

தங்கச்சி இரண்டு காகிதங்களையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே சாரல். இடது கையில் இருந்த காகிதத்தில் ஓரமெல்லாம் எண்ணெய் ஊறி, அதன் வழியே கொல்லையில் நின்ற முருங்கை மரம் மங்கலாகத் தெரிந்தது. வலது கையில் இருந்தது பிரிண்டரிலிருந்து வந்த மாதிரியே வெள்ளையாக இருந்தது. ஏழு வருஷம் ஆகிவிட்டது. சீசன் தொடங்கி, குற்றாலத்துக் காற்று தென்காசிக்கு இறங்கி வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அருவி இல்லை, அவள் அப்படி நின்றதுதான்.

நான் மெயினருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். அப்பா செய்த வேலை. அவர் இறந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு, தங்கச்சி அம்மாவின் இடுப்பில். பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டியவன் பிறகு எடுக்கவே இல்லை. அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விட்டுப் போகவும் இல்லை. பஸ் பத்து நிமிஷம் பிந்தினால் அவள் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றுவிடுவேன். மழைக்கு ஒதுங்கியிருப்பாள் என்று தோன்றாது, வேறு என்னென்னவோதான் தோன்றும். அவள் கூட்டாளிகள் எனக்கு வைத்த பெயர் சைரன். தண்ணீர் கூடினால் அருவிக்கரையில் ஊதுவார்களே, அது. "ஏட்டி, உங்க சைரன் வந்தாச்சு" என்று சிரிப்பார்கள்.

பிளஸ் டூ முடித்த வருஷம் அவளுக்கு இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று திருநெல்வேலியில் ஒரு கல்லூரி. பி.எஸ்ஸி.யும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருஷப் படிப்பு. காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம், முடித்தால் டீச்சர். இன்னொன்று கொல்கத்தா பக்கம். நாடு முழுக்கப் பிள்ளைகள் எழுதிய பரீட்சையில் அவளுக்குக் கிடைத்த இடம். ஐந்து வருஷம் இயற்பியல், அதற்கப்புறம் ஆராய்ச்சி. ரயிலில் இரண்டு நாள். எங்கள் தெருவில் அப்படி ஒரு படிப்பை யாரும் கேள்விப்பட்டதில்லை. பதில் சொல்ல எட்டு நாள் இருந்தது. இரண்டு கடிதத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். "யோசிப்போம் அண்ணே" என்றாள். அம்மா, "ரெண்டு பேரும் பேசிக்கிடுங்க" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

எனக்கு யோசிக்கத் தெரியாது, விசாரிக்கத்தான் தெரியும். சீசனில் என் பலகையில் வந்து படுக்காத ஊர்க்காரர் கிடையாது. தோளில் எண்ணெயை வைத்ததும் ஆரம்பித்துவிடுவேன். குப்புறப் படுத்திருக்கிறவர்களிடம் கேட்பதில் ஒரு சௌகரியம், என் முகத்தை அவர்கள் பார்க்கமாட்டார்கள். மதுரைக்காரர் ஒருவர், "பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்பிட்டு நீங்க எப்படிண்ணே தூங்குவீங்க?" என்றார். சென்னைப் பேராசிரியர் ஒருவர், "அந்த எடம் கிடைக்காதான்னு எத்தனை பேர் ஏங்கறாங்க தெரியுமா?" என்று பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டார். திரும்பப் படுக்கவைப்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது. திருவேங்கடத்து விவசாயி, "டீச்சர் வேலைன்னா சும்மாவா, வே? அந்த இடுப்ப இன்னுங்கொஞ்சம் அழுத்தும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் தங்கச்சி கேட்பாள்: "இன்னைக்கு எந்த முதுகு என்ன சொல்லிச்சு அண்ணே?"

"ஒரு பேராசிரியர் போகச் சொல்லுதாரு. மத்த மூணு பேரும் வேண்டாங்காங்க."

"அப்ப மூணுக்கு ஒண்ணு. நாளைக்கு எந்த ஊரு முதுகு வருதுன்னு பாப்போம்."

சிரித்துவிடுவோம். நான் கேட்ட கேள்வியே சாய்ந்த கேள்வி என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்தப் படிப்பு எப்படி என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் அனுப்பலாமா என்றுதான் கேட்டேன். வீட்டில் கை கழுவுவதற்கு முன்பே திருநெல்வேலிக் கடிதத்தை எடுத்துவிடுவேன். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். அவள் பெயரையும் ஊர்ப் பெயரையும் தேடிப் படித்துவிட்டு வைப்பேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் எடுப்பேன்.

எட்டாம் நாள் மலையில் மழை. மத்தியானமே சைரன் ஊதி, ஆட்களைக் கரையேற்றிவிட்டு அருவிக்குப் போகிற வழியை அடைத்துவிட்டார்கள். நான் கேட்பதற்கு ஒரு முதுகும் இல்லை. வீட்டுக்கு வந்தபோதுதான் அவள் அப்படி ஜன்னலடியில் நின்றாள்.

"இங்கன வாண்ணே. இதுக்குள்ள முருங்கமரம் தெரியுது பாரு. எத்தன தடவ எடுத்திருப்ப? இந்த வெள்ளைய ஒரு மட்டங்கூடத் தொடல."

"அது பெரிய இடத்துப் பேப்பர். கறை பட்டிரும்னுதான்..." என்றேன். பாதிப் பொய்.

"முதுகெல்லாம் என்ன சொன்னா என்ன? உன் கை சொல்லிட்டுல்லா. திருநெல்வேலின்னு பதில் போட்டுட்டேன். இனி சைரன் ஊதாதுல்லா?"

எனக்கு மூச்சு வந்தது. வெட்கம் அதற்கப்புறம்தான் வந்தது. "போட்டுட்டியா" என்றேன், வேறொன்றும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டே கால். மாற்ற வேண்டுமென்றால் ஐந்து மணிவரை மாற்றலாம், அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்த நேரம் முழுக்க நான் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உருவ ஒன்றும் இல்லாத காம்பைக்கூடத் திரும்பத் திரும்ப உருவினேன்.

சேர்க்கை அன்றைக்குக் கல்லூரி கிளார்க் அந்தக் கடிதத்தை இரண்டு விரலால் தூக்கி, "இதுல வடை மடிச்சுக் கொண்டுவந்தியாம்மா?" என்றார். "எங்க அண்ணன் கை, சார்" என்றாள் தங்கச்சி. அந்தக் குரலில் இருந்தது பெருமையா, வேறு ஏதாவதா என்று இன்றைக்கும் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன்.

இப்போது அவள் அச்சன்புதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். பிள்ளைகளுக்கு அவள் என்றால் உயிர். பக்கத்தில் இருந்தால் என் பயம் தீரும் என்று நினைத்திருந்தேன். மழையில் அவள் வண்டி ஓட்டிப் போகிற அந்த ரோடு எனக்குக் கொல்கத்தா தூரத்தைவிட நீளமாகிவிட்டது. அது போதாதென்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பேப்பரில் நட்சத்திரம், ராக்கெட் என்று ஏதாவது படம் வந்து, அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பக் கொஞ்சம் பிந்தினால் நான் அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் வேலை முடித்து வந்தபோது அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவளிடம் படித்த பெண் ஒருத்திக்கு இரண்டு இடம் கிடைத்திருக்கிறதாம், எதில் சேர்க்கலாம் என்று அந்தப் பெண்ணின் அப்பா கேட்கிறார். "எனக்கு முன்னால அவகிட்ட கேட்டீங்களா? மொதல்ல அவகிட்ட கேளுங்க" என்று போனை வைத்தாள். உட்காரப் போன நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"ஏட்டி, அன்னைக்கு உனக்கு எது வேணும்னு இருந்துச்சு?"

"இப்பக் கேக்கியே அண்ணே" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "அன்னைக்கு ரெண்டே காலுக்குக் கேட்டிருந்தா உடனே சொல்லிருப்பேன்."

"இப்ப?"

"இப்ப எனக்கே தெரியல. இந்தப் பிள்ளைகளும் இருக்குல்லா."

மணியை அவளும் மறக்கவில்லை. அலமாரியிலிருந்து பழைய ஃபைலை எடுத்து, அந்த வெள்ளைக் காகிதத்தை உருவி என்னிடம் நீட்டினாள். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "கழுவிட்டு வாரேன்."

"அப்படியே பிடி."

பிடித்தேன். பெருவிரலுக்கு அடியிலிருந்து எண்ணெய் மெல்லப் பரவி அவள் பெயர் வரைக்கும் போனது. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். வெளியே சாரல். நனைந்த இடத்துக்குள் மட்டும் முருங்கை மரம் தெரிந்தது.