கவிழ்ந்து படுத்தால் வாய் தெரியாது

"மெதுவா!" என்று கத்தினேன். கேட்கவில்லை. "அம்மாடி, மெதுவா!" — ம்ஹூம். மூன்றாவது தடவை கத்தியதில், பக்கத்து அறையில் நீராவிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த நகரியிலிருந்து வந்த ஒரு அம்மாள் "ஏமய்யிந்தி?" என்று, என்ன ஆச்சோ என்று தெலுங்கில் பதறினார். என் முதுகில் கை வைத்திருந்த கஸ்தூரி மட்டும் அசரவே இல்லை. எண்ணெயை ஊற்றினாள், அமுக்கினாள், இழுத்தாள்.

நடந்தது போன வாரத்துக்கு முந்தின வாரம்.

என் இடுப்பு வலியைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஒருமுறை புலம்பியிருந்தேன். நினைவிருக்கிறதா? அதற்கு வந்த யோசனைகள்... அப்பப்பா! வெந்நீர், வெந்தயம், விபூதி என்று ஒரு கட்டுக் கடிதம். ஒரு வாசகி மட்டும் "எழுதுவதை நிறுத்துங்கள், வலி போய்விடும்" என்று எழுதியிருந்தார். வலி போவது எனக்கா அவருக்கா என்று சொல்லவில்லை.

கடைசியில் எங்கள் திருத்தணியிலேயே, மலைக்குப் போகிற வழியில் இருக்கிற ஆயுர்வேத நிலையத்துக்குப் போனேன். கிருத்திகை நாளில் மட்டும் பூட்டிவிடுவார்கள். காவடியும் பஸ்ஸும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும்போது இடுப்பு பிடித்தவர் எப்படி நடந்து வந்து சேர்வது?

அங்கே பெண்களுக்கு ஆறு மாதத் தெரபிஸ்ட் பயிற்சி நடக்கிறது. இந்தத் தடவை ஐந்து பேர். பழகுவதற்கு முதுகு வேண்டுமே... "உங்க முதுகைக் கொடுக்கறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். நமக்கென்ன, கொடுத்தேன்.

வெளியிலிருந்து பார்த்தால் 'எண்ணெய் தேய்ப்பதற்கு என்ன படிப்பு?' என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும். எண்ணெயின் சூட்டைப் புறங்கையில் விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று தேய்த்தால், நாலு கையும் ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் போக வேண்டும். மூலிகைப் பொடியைத் துணியில் மூட்டையாகக் கட்டி ஒற்றடம் கொடுப்பதற்குப் பெயர் கிழி. முடிச்சு கொஞ்சம் தளர்ந்தால் பொடி முழுக்க நோயாளியின் மேல்தான். நகம் வளர்க்கக் கூடாது. கண்ணாடி வளையல் கூடாது. கழற்ற மாட்டோம் என்ற பெண்கள் அதை முழங்கைக்கு மேலே ஏற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, குரல் உயரக் கூடாது. கஸ்தூரி உதை வாங்கிய பாடம் அது ஒன்றுதான். பொதட்டூர்பேட்டைக்காரி, முப்பத்தெட்டு வயது. அவள் "சூடு சரியா கீதுங்களா?" என்று கேட்டால் மலைமேல் அர்ச்சனை செய்கிறவருக்கே கேட்கும்.

சரி, அன்றைக்கு வருகிறேன். எண்ணெய் சொட்டச் சொட்டப் புடவையைச் சுற்றிக்கொண்டு நேராக டாக்டரம்மா அறைக்குப் போனேன்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன திமிரா? இல்ல செவுடா? மூணு தடவை கத்தறேன்!"

கோபம் வந்தால் வாயில் வருகிற வார்த்தைதானே இது? நாம் எல்லோரும் தினமும் யாரையாவது சொல்கிறோம்.

டாக்டரம்மா கஸ்தூரியைக் கூப்பிட்டார். "வலிக்குதுன்னு இவங்க சொன்னாங்களாமே?"

"எங்கிட்ட சொல்லலியேம்மா" என்றாள் அவள்.

எனக்கு எரிந்தது. டாக்டரம்மா எழுந்து அலமாரிப் பக்கம் திரும்பி வருகைப் பதிவேட்டைத் தேடிக்கொண்டே கேட்டார், "அப்ப இவங்க பொய் சொல்றாங்களா?"

கஸ்தூரி டாக்டரம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு, யாரும் எதுவும் கேட்காதது போல நின்றாள். டாக்டரம்மா விசுக்கென்று திரும்பினார். "கேக்கறேன்ல?"

"இன்னாம்மா கேட்டீங்க?" என்றாள் உடனே.

டாக்டரம்மா அதைத் திமிர் என்றே எடுத்துக்கொண்டார். நான் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண் டாக்டரம்மாவின் உதட்டை விட்டு இப்படி அப்படி நகரவில்லை.

"வெள்ளிக்கிழமை செய்முறைப் பரீட்சை. வெளியில இருந்து மேடம் வர்றாங்க. இப்படிப் பண்ணினா நான் எப்படி உன்னை பாஸ் பண்ணச் சொல்றது?" என்றவர் என்னிடம் திரும்பினார். "புகார் சொன்னது நீங்கதானே? நீங்களே வந்து இவகிட்ட படுங்க. எப்படிச் செய்யறான்னு மேடம்கிட்ட நீங்களே சொல்லுங்க."

கொல்லைப்புறத்தில் எண்ணெய்க் கிண்ணங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் கஸ்தூரி. பின்னால் நின்று இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்று, "காதா?" என்று கேட்டேன். குரலே எழுப்பவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

"பொறந்த வூட்லயும் தறி, பூந்த வூட்லயும் தறிம்மா. நாலு பவர்லூம். காலைல சுவிட்ச் போட்டா கரண்ட் போனாத்தான் நிக்கும். வலது காது சுத்தமா பூடுச்சு. இடதுல பாதி கீது. இனிமே தறிகிட்ட நின்னா அந்த மிச்சமும் போயிடும்னு காது டாக்டர் சொல்லிட்டாரு. எங்க வூட்டுக்காரர்தான் இந்தப் படிப்பு நோட்டீஸப் பாத்துட்டு வந்து, அங்க சத்தமே இருக்காதாம், போய் சேந்துக்கன்னாரு."

"இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சே?"

"வாயப் பாத்துதான். தறி ஓடச்சொல்ல அந்தச் சத்தத்துல எவ பேசறது எவளுக்குக் கேக்கும்? எங்க தெருவுல அல்லாரும் வாயப் பாத்துதான் பேசிக்குவோம். ஆனா கவுந்து படுத்துட்டா வாய் தெரியலம்மா..."

முன் வரிசையில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பாடம் கேட்கிறாள் என்று டாக்டரம்மாவே என்னிடம் பெருமையாகச் சொன்ன பெண் இவள்தான்!

"ஏன் சொல்லலை?"

"சொன்னா சேத்துக்க மாட்டாங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. செவுடா என்று கேட்டது நான்தான். பரீட்சையில் தேறாவிட்டால் அவளுக்கு இருக்கிற ஒரே இடம் அந்தத் தறி. அந்தப் பாதிக் காதும் என் புகாரால் போக வேண்டுமா? உடனே வள்ளல் ஆகிவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை நான் வாயே திறக்க மாட்டேன். பல்லைக் கடிச்சிக்கறேன். நீ பாட்டுக்கு அமுக்கு. யாருக்கும் தெரியாது."

மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்க கத்த மாட்டீங்க. உங்களுக்கு அடுத்து வந்து படுக்கறவங்க?"

கிண்ணத்தை எடுத்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். 

வெள்ளிக்கிழமை. பரீட்சை நடத்த வந்த மேடம் சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். நாலு பெண்கள் முடித்துவிட்டார்கள். கடைசியாகக் கஸ்தூரி. நான் மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், அவளைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டு.

"மேடம், ஒண்ணு சொல்லணும்" என்றாள், அதே மலைமேல் கேட்கிற குரலில். "எனக்கு ஒரு காது கேக்காது. இன்னொண்ணு பாதிதான். பேசறவங்க வாயப் பாத்துதான் புரிஞ்சிக்குவேன்."

டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கஸ்தூரி ஒரு வெள்ளைத் துணியை மடித்து என் கையில் வைத்தாள். "கவுந்து படுத்துக்கினு கைய இப்படி வெளிய தொங்கவிட்டுக்கோங்கம்மா. வலிச்சா, சூடா இருந்தா, இன்னா தொந்தரவா இருந்தாலும் துணிய கீழ போட்டுடுங்க. நான் நிறுத்திடுவேன்."

மேடம் கண்ணாடியை இறக்கினார். "உன் கண்ணு முதுகு மேல இருக்கும். துணி விழுந்தா எப்படித் தெரியும்?"

"நாலு தறி ஓடச்சொல்ல எதுல ஒரு நூல் அறுந்தாலும் கண்ணுலதான் பாக்கறோம் மேடம். இது முழங்கை நீளத் துணி."

மேடம் ஏதோ எழுதிக்கொண்டார். ஆரம்பிக்கச் சொன்னார்.

நான் சும்மா இருப்பேனா? வலியே இல்லாமல், எண்ணெய் ஊற்றிய இரண்டாவது நிமிஷம் துணியைப் போட்டேன். துணி தரையைத் தொடுவதற்குள் கை நின்றது. கஸ்தூரி சுற்றி வந்து, மேஜைக்குக் கீழே குனிந்து, என் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தாள். "இன்னாம்மா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். துணியை மறுபடியும் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது தடவை நிஜமாகவே வலித்தது. இடுப்புக்கு மேலே, இடது பக்கம். போட்டேன். நின்றது. குனிந்தாள், இடம் கேட்டாள், அதற்குப் பிறகு அந்த இடத்தில் அவள் கை பட்டதே தெரியவில்லை.

முடிந்ததும் மேடம் என்னிடம் கேட்டார், "எப்படிச் செஞ்சாங்க?"

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் அவளே பொய் சொல்லாதபோது எனக்கென்ன? "இடது கையைவிட வலது கை அழுத்தம் கொஞ்சம் கூட. மத்தபடி, எழுந்திருக்க மனசில்லை" என்றேன்.

பாஸ். ஆனால் காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ள வேண்டும், சிகிச்சை அறையில் அவளோடு இன்னொருத்தர் இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மேடம் கிளம்பினார்.

மேடம் போன பிறகுதான் டாக்டரம்மாவுக்குக் கோபம் வெளியே வந்தது. "ஆறு மாசம் எங்கிட்ட மறைச்சிட்டியே!"

"முன்னாடியே சொல்லியிருந்தா சேத்திருப்பீங்களாம்மா?"

 "மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. கதவு வரை போய்த் திரும்பி வந்து, "திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்துடு" என்றார். இரண்டையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். இந்த ஒரு இடுப்புக்காக இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் என்னைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள்! எலும்பு பார்க்கிறவர், நரம்பு பார்க்கிறவர், பிசியோதெரபி, புத்தூர்க் கட்டு... ஒவ்வொரு இடத்திலும் வலிக்கிறது என்று கத்தியிருக்கிறேன். "அப்படித்தாங்க இருக்கும், பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு அமுக்கு.

அவர்கள் அத்தனை பேருக்கும் காது நன்றாகக் கேட்கும்.