பட்டியலில் முருங்கை

கேள்வி விழுந்ததும் நீலாவதியின் கரண்டி நின்றுவிடும். ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பதினாறு வருடமாக இப்படித்தான். எதிரே ஐந்தாம் ஆண்டு வகுப்பு; நடுவில் ஒரு சிமெண்டு நடைபாதை, ஒரு முருங்கை மரம். “ஒன்றரைக் கிலோ மாவில் கால் கிலோப் பொட்டலம் எத்தனை?” என்று அங்கே கேட்டால், இங்கே வாணலியைப் பார்த்து உதட்டுக்குள் “ஆறு” என்பாள். பிறகுதான் கரண்டி நகரும்.

நாலாம் வகுப்போடு நின்றவள். அம்மா பால்மரம் வெட்டப் போக, கைக்குழந்தைத் தம்பியை இவள் பார்த்துக்கொண்டாள். அதைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்வதில்லை. எவ்வளவு படித்தாய் என்று யாராவது கேட்டால் மட்டும் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவாள். குனிந்த தலை நிமிராது. மற்றபடி, எந்தப் பிள்ளைக்குக் காரம் ஆகாது, எது முட்டை தொடாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

இரண்டு வருடத்துக்கு முன் குணாளன் சார் மாற்றலாகி வந்தார். புதன்கிழமைதோறும் பாடத்தைப் போட்டியாக்கினார். திரையில் கேள்வி விழும். இரண்டு பிள்ளைக்கு ஒரு டேப்லெட். சரியான விடையைச் சீக்கிரம் அமுக்கியவர் பெயர் மேலே ஏறும். முதல் வாரமே வகுப்பு பசார் மாதிரி இரைந்தது. ஆட்டத்தில் சேரும் எண் திரையில் கொட்டை எழுத்தில் இருக்கும். சிற்றுண்டிச்சாலை ஜன்னலிலிருந்தும் தெரியும்.

நீலாவதியின் மகள் திலகா செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். “அந்த நம்பரப் போட்டு ஒரு பேர அடிச்சா உள்ள போயிடலாம்மா, ஈசிலா. ஒனக்கு எதுக்கு?” என்றாள்.

“சும்மாதான் கேட்டேன்.”

அடுத்த புதன்கிழமை, போனில் பெயர் கேட்ட இடத்தில் நீலாவதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ‘முருங்கை’ என்று அடித்தாள்.

“சார், யாரு சார் இது? நம்ம கிளாஸ்லயே இல்ல!” என்று எதிரே கூச்சல் கிளம்பியது. திரையில் ஒரு தட்டுத் தட்டி அந்தப் பெயரை நீக்கியிருக்கலாம் குணாளன் சார். “கெடக்கட்டும்லா. மொதல்ல அத முந்துங்க பாப்போம்” என்றார்.

கணக்கில் முருங்கை மேலே ஏறும். அறிவியலில் சறுக்கும். ஒவ்வொரு விடைக்குப் பிறகும் நீலாவதி போனைக் கவிழ்த்து வைப்பாள். யாருக்காவது தெரிந்தால் அன்றோடு விட்டுவிட வேண்டும் என்பது அவள் தனக்குள் போட்டுக்கொண்ட முடிவு. ஐம்பது வயதில் பிள்ளைகளோடு போட்டி போடுகிறாளே என்று சிரிக்கமாட்டார்களா?

கண்டுபிடித்தவள் பெவர்லி. வகுப்பில் அதிகம் வாய் திறக்காத பெண். ஓய்வு நேர வரிசையில் மீ நூடுல்ஸுக்குத் தட்டை நீட்டியபடி மெதுவாகச் சொன்னாள்: “அண்ட்டி, மீ பெரட்டுற வாசன வந்தோன முருங்க நின்னுபோயிடுது. ஒவ்வொரு வாரமும்.”

இடுக்கியிலிருந்த கறிபாப் எண்ணெயிலேயே விழுந்தது.

அடுத்த புதன்கிழமை பட்டியலில் முருங்கை இல்லை. “பயந்துருச்சி!” என்றது ஒரு குரல். அன்று வகுப்பு சுரத்தில்லாமல் விளையாடியது. பாதியில் பெவர்லி தண்ணீர் கேட்டு வந்தாள். குடித்தும் போகவில்லை.

“அண்ட்டி, நான் யாருட்டயும் சொல்லல.”

நீலாவதி வெங்காயக் கூடையைப் பார்த்தாள்.

“முருங்க இல்லாம ஜெயிச்சா செல்லாதாம். எல்லாரும் சொல்றாங்க. வாங்கலா அண்ட்டி.”

“எனக்கு அறிவியல் தெரியாது கண்ணு.”

“எனக்குங்கூட கணக்கு வராது. அதுக்குன்னு நான் வெளயாடாமயா இருக்கேன்?”

நீலாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். இன்னும் நாலு கேள்வி பாக்கி இருந்தது.

மறுவாரம் குணாளன் சார் போட்டியை ஓய்வு நேரத்துக்குப் பிறகு மாற்றி வைத்தார். பிள்ளைகள் காரணம் கேட்டதற்கு, “பசியோட வெளயாடக் கூடாதுலா” என்றார். சொல்லிவிட்டு எதிரே சிற்றுண்டிச்சாலை ஜன்னலைப் பார்த்தார்.

இப்போது புதன்கிழமைகளில், மீ சட்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் முதல் கேள்வி விழுகிறது. போன் மாவு டின்னில் சாய்ந்து நிமிர்ந்து நிற்கிறது. போன வாரம் முருங்கைக்கு மூன்றாம் இடம். திமிங்கிலம் செவுளால் சுவாசிக்கிறது என்று அமுக்கி, சிவப்புப் பெருக்கல் குறியைப் பார்த்ததும், நடைபாதைக்கு அப்பால் கேட்கும்படி நீலாவதி, “அடச்சே!” என்றாள்.