ஜமீன் பக்கத்தில் கட்டிய ஒட்டகம்

சுபைதா கொதிக்கிற அண்டாவில் ஒட்டகக் கம்பளியைக் கோலால் அமுக்கினாள். கண்ணாடிச் சில்லு பதித்து அவளே தைத்தது. ஏற்காடு ஏரிக்கரையில் சவாரி ஒட்டகத்தின் முதுகில் அது கிடந்தால்தான் பிள்ளைகள் ஏற அடம்பிடிப்பார்கள். கால்நடை டாக்டர் வனிதா கொளுத்திவிடச் சொல்லியிருந்தார். இவளுக்கு மனம் வரவில்லை, வேகவைத்தாள்.

சேலத்திலிருந்து மருமகளாய் வந்த புதிதில் ஒட்டகத்தைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்வாள். போகப்போக, கிழட்டு ஒட்டகம் ஜமீன் இவள் வைத்தால்தான் கடலைக்கொடி தின்னும் என்றாகிவிட்டது. ஜமீன்தார் போன்ற அதன் நடைக்கு வைத்த பெயர் அது. "ஜமீன் எந்திரிச்சாச்சுங்களா?" என்று டீக்கடையில் தினமும் கேலி நடக்கும்.

மார்கழியில் அவள் புருஷன் ஷேக் தாவூத், பொருட்காட்சியில் நின்ற ஒட்டகம் ஒன்றை வாங்கி வந்தார். தொடையிடுக்கில் முடியில்லை. கயிறு உரசியது என்றான் விற்றவன். தாவூத் அதைத் தள்ளிப் பலாமரத்தடியில்தான் கட்டினார். பனியில் நனைந்து நடுங்கியதைச் சுபைதாவால் பார்க்க முடியவில்லை.

"ஏனுங்க, கொட்டாயில ஜமீன் பக்கத்துல கட்டுங்க. ஒட்டிட்டு நின்னா குளிர் தாங்கும்."

"நாலு நாள் போவட்டும்."

"உங்களைப் பனியில கட்டிப்போட்டாத் தெரியும்!"

சிரித்துக்கொண்டே மாற்றிக் கட்டினார். ஜமீன், இன்னொரு சவாரி ஒட்டகமான லைலா, புதுசு மூன்றுக்கும் ஒரே தொட்டி, மாற்றி மாற்றி ஒரே கம்பளி.

மாசியில் ஜமீனுக்குச் சொறி கண்டது. தூணில் தேய்த்துத் தேய்த்துத் தோல் வெடித்துச் சீழ் பிடித்தது. வேப்பெண்ணெய் தடவியே நாளை ஓட்டிவிட்டார்கள். பிறகு போட்ட ஊசி கேட்கவில்லை. நேற்றுக் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க. ஒடம்பு உரசினாலும் தொத்தும், கம்பளியிலயும் தொத்தும்" என்றார் அப்போது வந்திருந்த வனிதா. "ஈரம், குளிர், அதுக்கு வயசு வேற. புதுசை ஒரு மாசமாவது தனியா வெச்சிருக்கணும். யாருங்க ஒண்ணாக் கட்டினது?"

"நாந்தானுங்க" என்றார் தாவூத் சட்டென்று. "புத்தியில்லாம."

சுபைதா குனிந்து கம்பளியைச் சுருட்டத் தொடங்கினாள்.

வெந்த கம்பளியைக் கொடியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தாள். மணிக்கட்டு நமைத்தது. தாவூத் புது வாளியில் லைலாவுக்கு மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். லைலாவின் கழுத்திலும் முடி உதிரத் தொடங்கியிருந்தது.

"நாஞ்சொல்லித்தானே கட்டுனீங்க? டாக்டரம்மாகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கு எம்மேல கோவம் இருக்குதுங்களா? திட்டியாவது விடுங்களேன்."

தாவூத் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். களிம்பு டப்பாவை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.