மறுபடியும் வலது காலிலிருந்து

பூந்தமல்லியில் என் தையல் கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்காரர் போன திங்கட்கிழமை காலையில் வந்து, "பாய், பாரிவாக்கத்துலேர்ந்து போன். ஏகாம்பரம் அண்ணாத்தே பூட்டாராம். மாரடைப்பாம்" என்றார். என் கையில் பாதி காலர் தைத்த ஒரு பள்ளிச் சட்டை இருந்தது. மீதியையும் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கல்நெஞ்சக்காரன் என்று நினைக்க வேண்டாம். எழுந்தால் போய் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குத் தெம்பு வரவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏகாம்பரம் அண்ணன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரும் உடன் வேலை பார்த்த சிலரும் சேர்ந்து எங்கிருந்தோ பாராசூட் போன்ற ஒரு பழைய பாராகிளைடரை வாங்கி வந்தார்கள். கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் உள்வாங்கியதும், காய்ந்த தரையில் அதை விரித்து, ஜீப்பில் கயிறு கட்டி இழுத்துப் பறப்பார்கள். கிழிந்த துணிக்கு ஒட்டுப் போட என்னிடம் வந்தபோதுதான் பழக்கமானார். நான் போட்ட தையலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஜாக்கெட்டு பிரிஞ்சா ஊக்கு குத்திக்கலாம் பாய். இது பிரிஞ்சா இன்னா பண்ணுவே?" என்று திருப்பிக் கொடுத்தார். மூன்று முறை பிரித்துத் தைத்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர் ஒருநாளும் பறந்ததில்லை. "ஸ்டூல் மேல ஏறினாலே எனக்குத் தலை சுத்தும்" என்பார். ஆனால் அவர் கை படாமல் யாரும் பறந்ததுமில்லை. கடற்காற்று ஏறுவதற்கு முன்பே காலையில் துணியை வில்லாக வளைத்து விரிப்பார். ஒவ்வொரு நூலையும் துணியிலிருந்து இருக்கையின் பட்டை வரை விரலால் தடவிக்கொண்டே வருவார். பறக்கப் போகிறவரை இருக்கையோடு கரைமேல் இருந்த புளியமரக் கிளையில் தொங்கவிட்டு, முதுகு சரியாமல் உட்காரும் வரை பட்டைகளை இழுப்பார், தளர்த்துவார். "தூளி கட்டியாச்சு, தாலாட்டு எப்போ?" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். கடைசியாகப் பக்கிள்கள்: வலது கால், இடது கால், நெஞ்சு. தானே மாட்டி, தானே இழுத்துப் பார்ப்பார்.

என் தம்பி சலீம் பறக்கக் கிளம்பிய அன்று, அவர் வலது காலுக்குக் குனிந்த நேரத்தில் நான் கரையிலிருந்து கத்தினேன். "அண்ணாத்தே, டீ ஆறிப்போவுது!" நிமிர்ந்து, "வந்துகினே கீறேன்" என்றார். திரும்பியவர் கால் பக்கிள் இரண்டும் மாட்டியாயிற்று என்றெண்ணி நெஞ்சுப் பக்கிளை மாட்டிவிட்டார். ஜீப் இழுத்தது. தரையை விட்டு எழும்பியதுமே சலீம் இருக்கையிலிருந்து வழுக்கி, நெஞ்சுப் பட்டை அக்குளில் மாட்டத் தொங்கி, கீழே விழுந்தான். முழங்கால் நொறுங்கியது.

ஆஸ்பத்திரி வாசலில் என் அம்மா அவரைப் பார்த்து, "உன் கை வெளங்காமப் பூடும்" என்று மண்ணை வாரித் தூற்றினார். அவர் கைகட்டி நின்று, "என் தப்புதாம்மா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பிறகு டீக்கடையில், "ஏன் அண்ணாத்தே, நான் கூப்ட்டதைச் சொல்லல?" என்று கேட்டேன். "நீ டீக்குத்தானே கூப்ட்டே. மாட்ட வேண்டியது என் கை" என்றார். வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிதான் இத்தனை வருஷமாக என்னை அரிக்கிறது.

அதற்குப் பிறகு பக்கிள் மாட்டும்போது யாராவது ஒரு வார்த்தை பேசிவிட்டாலும் போதும், மாட்டியதை எல்லாம் கழற்றிவிடுவார். "மறுபடியும் வலது கால்லேர்ந்து" என்பார். காற்று ஏறி அன்றைய பறத்தலே கெட்டாலும் கவலைப்பட மாட்டார். ஒருநாள் நாலு முறை கழற்றினார். இரண்டு கோடைக்குப் பின் துணி நைந்து, எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

பாரிவாக்கத்துக்குச் சலீமும் காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தான். பந்தலில் அவனிடம் ஒருவழியாகச் சொன்னேன். "அன்னிக்கு அவரக் கூப்ட்டது நான்தான்டா."

அவன் என்னைப் பார்க்கவில்லை. "நான் அங்கதானண்ணே நின்னுகினு இருந்தேன். என் காதுல வுழாதா? அண்ணாத்தேதான் சொல்ல வேணாம்னாரு. 'ஒரே ஊட்ல ஒக்காந்து சோறு துன்றவங்க நீங்க'ன்னாரு."

அதற்குள் உடலைப் பாடையோடு சேர்த்துக் கட்ட ஆள் கேட்டார்கள். கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டு போனேன். காலருகே ஒரு முடிச்சு, இடுப்பில் ஒன்று. நெஞ்சுக்கு வரும்போது யாரோ, "பாய், மாலைய எங்க வெக்கிறது?" என்று கேட்டார். பதில் சொன்னேன். பிறகு போட்ட இரண்டு முடிச்சுகளையும் அவிழ்த்தேன். வலது காலருகே போய்க் குனிந்தேன். "நேரமாவுது பாய்" என்றது கூட்டம். சலீம் கையை நீட்டி அவர்களை நிறுத்தினான்.

போய் வாருங்கள், அண்ணாத்தே. மூன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டேன்.