மலைக்கு ஓடச் சொன்ன வசனமும் மலையை விட்டு இறங்கிய ஞாயிறும்

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நிர்மலாவிடமிருந்து தொலைபேசி வந்தது. நிர்மலா என் பள்ளிச் சிநேகிதி ஜெயராணியின் ஒரே மகள். எட்டு மாதக் கர்ப்பிணி, தலைப்பிரசவத்துக்காகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"சித்தி, லயத்துக்குப் பின்னாடி மலையில வெடிப்பு விட்டிருக்கு. மழை கூடுனா எறங்கி ஸ்கூலுக்குப் போயிருங்கன்னு அறிவித்தல் ஒட்டிட்டுப் போயிருக்காங்க. அம்மா எறங்க மாட்டேங்குது. அம்மா எறங்கலைன்னா லயத்துல ஒருத்தரும் எறங்க மாட்டாங்க. நீங்க வந்து சொல்லுங்களேன்."

இந்தப் பயணப் பக்கத்தை வழக்கமாக வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். பாலத்தைக் கண்டால் படம் எடுப்பேன், அட்டையைக் கண்டால் அலறுவேன். யாருக்கும் புத்தி சொல்லப் பயணம் போனதே இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை 5.55க்குக் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறிவிட்டேன். பதுளைக்கு ஏறக்குறைய 290 கிலோமீட்டர். மாலை 4.20க்கு இறங்கினேன். அப்பாவின் புடவைக்கடையை இப்போது அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். பஜாரில் கடைக்கு மேலேயே வீடு, அதனால் தங்குமிடச் செலவு இல்லை. விசயத்தைக் கேட்டுவிட்டு அண்ணன் சிரித்தார். "உலகம் முடியப் போகுதுன்னு சொல்றவகிட்டப் போயி உயிரைக் காப்பாத்திக்கன்னு சொல்லப் போறியா? நல்லா இருக்கு!"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஜெயராணி கடைசிக்காலத் தீர்க்கதரிசனம் படிக்கிறவள். மற்றவர்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கிறாள். பதினான்கு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது அவள் வேலை பார்க்கும் அதே குழந்தைகள் காப்பகத்தில், இந்த வகுப்பு நடக்கிறது. வேதத்தின் கடைசிப் பாகத்தில் எந்த முத்திரை எப்போது உடையும், எந்த எக்காளத்துக்கு என்ன நடக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

சனிக்கிழமை காலை 7.10க்குப் பதுளை பஸ் நிலையத்தில் ஏறினேன். பண்டாரவளை, ஹப்புத்தளை வழியாகக் கொழும்பு போகும் எந்த பஸ்ஸும் பெரகல சந்தியில் நிற்கும். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் வழி. என்னிடம் 270 ரூபாய் வாங்கினார்கள். 9.35க்கு இறங்கியபோது பனிமூட்டத்தில் எதிர்க்கடை தெரியவில்லை. பால் விடாத ஒரு சாயத்தண்ணியும் பணிஸ் பன்னும் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பேசினேன். ஏழு கிலோமீட்டருக்கு 1400 ரூபாய். கூடுதலாகத் தெரியலாம். அந்தப் பாதையைப் பார்த்த பிறகு பேரம் பேசியதற்கு நானே வெட்கப்பட்டேன்.

"காம்பரா மிஸ் வீட்டுக்கா?" என்றார் ஆட்டோக்காரர். "நல்ல மனுசிங்க. அவங்க பேச்சுக்கு எல்லாரும் அடங்குவாங்க. அவங்கதான் யாரு பேச்சுக்கும் அடங்க மாட்டாங்க."

லயம் என்பது பன்னிரண்டு வீடுகள் ஒட்டிய ஒரே வரிசை, தகரக்கூரை, முன்னால் நீளமாக வாசல். பின்னால் நிமிர்ந்து நிற்கிறது தேயிலைச் சரிவு. ஜெயராணி என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "வாடி, வாடி, எளைச்சுப் போயிட்ட" என்றாள். பத்து கிலோ கூடியிருந்த எனக்கு அந்தப் பொய் தேனாக இருந்தது.

மலை வெடிப்பை அவளே கூட்டிப் போய்க் காட்டினாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நாற்பதடி நீளத்துக்கு ஓடியது. உள்ளே என் உள்ளங்கை நுழைந்தது. இரண்டு பக்கமும் குச்சி அடித்து, நூல் கட்டி, வாராவாரம் அகலம் அளந்து கொப்பியில் எழுதியிருந்தாள். காம்பரா முற்றத்தில் மழை அளக்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று நின்றது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடுகள். தினமும் காலை ஆறு மணிக்கு அளவைப் பார்த்துக் கிராம சேவகருக்குச் செய்தி அனுப்புவதும் அவள்தான். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்கிறவள் இறங்க மட்டும் மாட்டாளாம்.

"ஏன்டி?" என்றேன்.

"கடைசிக் காலத்துல மலைக்கு ஓடச் சொல்லித்தான் இருக்கு திலகா. மலையை விட்டு ஓடச் சொல்லி எங்க இருக்கு?"

சுவிசேஷத்தில் உள்ள அந்த இடத்தை எடுத்தும் காட்டினாள். நெற்றியில் திருநீறோடு நிற்கிற நான் அவளோடு வசனத்தில் மல்லுக்கட்ட முடியுமா? மகளுக்காகவாவது இறங்கு என்று கெஞ்சினேன். கோபித்துக்கொண்டு ராச்சாப்பாடு வேண்டாம் என்றேன். ரொட்டியும் சம்பலும் வந்ததும் சாப்பிட்டும் விட்டேன். அவள் அசையவில்லை. அவள் முரட்டுப் பிடிவாதக்காரி இல்லை. பயந்து ஓடினால் இத்தனை வருடம் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும் என்று நிஜமாகவே நினைத்தாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சனி பிற்பகல் பிடித்த மழை ஞாயிறு மதியமும் விடவில்லை. 2.30க்கு வகுப்பு. நானும் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். இருபது பேர் வந்திருந்தார்கள். சுவரில் மாவுமூட்டைத் துணிகளை ஒட்டுத் தைத்து அவள் வரைந்த காலப்படம் தொங்கியது. ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம், கடலிலிருந்து எழும்பும் மிருகம். அந்த மிருகத்துக்குச் சிறுத்தை உடம்பு, கரடிக் கால். சிறுத்தை அச்சு அசலாக இருந்தது, தேயிலைக்குள் பார்த்த பழக்கம். கரடிக் கால்தான் நாய்க்கால் மாதிரி இருந்தது.

சொல்லியே ஆக வேண்டும், நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாள். பயமுறுத்தும் வேலையே இல்லை. இந்த வருடம், இந்தத் தேதி என்று ஜோசியம் சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "நாள் சொல்றவன் வேதத்தைப் படிக்கலைன்னு அர்த்தம்" என்றாள். எந்தப் பகுதியைத் திறந்தாலும் முதலில் மூன்று கேள்வி கேட்க வைப்பாள். யாரு சொன்னது? யாருக்குச் சொன்னது? எங்க இருந்து சொன்னது?

அன்றைக்குப் படித்தது அவள் எனக்குக் காட்டிய அதே பகுதி. யுத்தங்கள், பஞ்சங்கள், பூமியதிர்ச்சிகள் என்று வாசித்துக்கொண்டே வந்தாள். யூதேயாவில் இருப்பவர்கள் மலைகளுக்கு ஓட வேண்டும், வீட்டின்மேல் இருக்கிறவன் சாமான் எடுக்க இறங்கக்கூடாது என்று வந்தது. அடுத்து, அந்த நாட்களில் கர்ப்பிணிகளின் பாடு எவ்வளவு பரிதாபம் என்கிற இடம். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். நிர்மலா வீங்கிய காலைப் பெஞ்சில் நீட்டி, எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜெயராணி மறுபடியும் குனிந்து, ஓடுவது மாரிகாலத்திலும் ஓய்வுநாளிலும் வராதபடி வேண்டிக்கொள்ளச் சொல்லும் இடத்தையும் வாசித்துப் புத்தகத்தை மடியில் இறக்கினாள். கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கு ஓய்வுநாள்.

அப்போது கதவோரம் உட்கார்ந்திருந்த முத்தையா அண்ணன் கையைத் தூக்கினார். முப்பது வருடமாகத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர். மனைவிதான் சபைக்காரி. இவர் கோயிலுக்குப் போகிறவர், வகுப்பு முடிந்ததும் தரும் சாயத்தண்ணிக்காக வருகிறேன் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமுங்களா? அந்த ஊரு மலை கல்லு மலையா, மண்ணு மலையா?"

சிலர் சிரித்தார்கள். ஜெயராணி சிரிக்கவில்லை. "ஏன் கேக்குறீங்கண்ணே?"

"இல்லீங்க, கல்லு மலைன்னா ஓடிப் போயி ஒளிஞ்சுக்கலாம். நம்மது மண்ணு மலை. முப்பது வருசமா கத்தியோட ஏறி எறங்குறேன், எனக்குத் தெரியும். மழையைக் குடிச்சிச்சின்னா நமக்கு முன்னாடி மலைதாங்க ஓடும்."

அவள் கேள்வியைக் கொப்பியில் எழுதினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "திலகா, எனக்குத் தெரியலடி. உன் போன்ல பாரு."

ஜன்னல் ஓரத்தில் கையை உயர்த்திப் பிடித்தால் மட்டும் சிக்னல் வந்தது. யூதேயா மலைகளின் படங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க ஐந்து நிமிடம் ஆனது. காய்ந்த பாறை, குகை, அதற்கப்பால் மறுபடியும் பாறை. கைபேசி இருபது கைக்கும் போய்வந்தது. முத்தையா அண்ணன் பார்த்துவிட்டு, "கல்லுதான்" என்றார். ஜெயராணி கடைசியாக வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு சொன்னது, ஆண்டவர் சொன்னது" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "யாருக்குச் சொன்னது, யூதேயாவுல இருக்கிறவங்களுக்கு. எங்க இருந்து சொன்னது, பட்டணத்துக்கு எதுத்தாப்புல ஒக்காந்து சொன்னது. அவங்களுக்கு ஆபத்து பட்டணத்துல. அதான் மலைக்கு ஓடச் சொன்னாரு. நமக்கு ஆபத்து மலையில." கைபேசியை என்னிடம் நீட்டினாள். "நான் ஓடுங்கிறதை விட்டுட்டு மலையைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். தப்பா வாசிச்சுட்டேன். எல்லாரும் என்னை மன்னிச்சுக்கங்க."

பதினான்கு வருடம் சொல்லிக்கொடுத்த ஒருத்தி இருபது பேர் முன்னால் அப்படிச் சொல்வது லேசில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. வெளியே போய் மழைக்குழாயைப் பார்த்துவிட்டு வந்தாள். தண்ணீர் மஞ்சள் கோட்டைத் தாண்டியிருந்தது. "எந்திரிங்க" என்றாள்.

4.10க்குக் காம்பராவிலிருந்து அப்படியே கிளம்பினோம். இரண்டு பேர் ஓடி லயத்தில் இருந்தவர்களையும் அழைத்து வந்தார்கள். இளம் தகப்பன் ஒருவர் டீவியைத் தூக்கி வரேன் என்று திரும்பினார். ஜெயராணி வழியை மறித்தாள். "சாமான் எடுக்கத் திரும்பாதேன்னு இப்பதானே வாசிச்சேன்? உங்க டீவிக்கு மட்டும் தனி வசனம் இருக்கா தம்பி?" அந்த மழையிலும் எல்லோரும் சிரித்தோம். மலையோரம் போகும் வண்டிப்பாதையை விட்டுவிட்டு, முத்தையா அண்ணன் சொன்ன குறுக்குப்பாதையில் இரண்டரைக் கிலோமீட்டர் நடந்தோம். ஒரு மணி இருபது நிமிடம். அவர் முன்னால் போய் மண்ணில் படி வெட்டிக் கொடுத்தார். நிர்மலா அவர் தோளைப் பிடித்து இறங்கினாள், ஜெயராணி பின்னால் மகளின் இடுப்பில் கைகொடுத்து வந்தாள். என் காலில் ஏழு அட்டைகள் ஏறின. நான் ஒருமுறைகூட அலறவில்லை.

ஞாயிறு ராத்திரியிலிருந்து புதன் வரை பள்ளிக்கூடத்தில்தான் தங்கினோம். செவ்வாய் பகலில் மழை விட்டது.

மீதியைச் சொல்வதற்கு முன், போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் தோட்டங்களுக்குள் போவதானால் முதல் நாள் மண்சரிவு அறிவித்தலைப் பார்த்துவிட்டுப் போங்கள். பெரகலவில் ஆட்டோ கிடைக்கும், மாலை நான்கு மணிக்குமேல் மேலே வர மாட்டார்கள். மழை கொட்டினால் அவர்களை வற்புறுத்தாதீர்கள். கால்களுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டால் அட்டை குறைவாக ஏறும் என்கிறார்கள். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. லயங்கள் மக்களின் வீடுகள், கேட்காமல் படமெடுக்காதீர்கள். கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன். கடைசிக்காலம் பேசுகிறவர்கள் இந்த உலகத்தைக் கைகழுவியவர்கள் என்று இதுவரை நினைத்திருந்தேன். அந்த நினைப்போடுதான் மேலே போனேன்.

புதன் காலை வெயில் வந்தது. ஆண்கள் நாலைந்து பேர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். லயம் அப்படியே நிற்கிறதாம். வெடிப்பில் மட்டும் இப்போது முழங்கை வரை நுழைகிறதாம்.

"ஒண்ணும் ஆகலையே மிஸ். சும்மா எறங்க வச்சிட்டீங்க" என்றார் டீவிக்காரத் தம்பி.

"ஒண்ணும் ஆகலைன்னா சந்தோசப்படுங்க. கோடு தாண்டுனா மறுபடியும் எறங்குவோம்" என்றாள் ஜெயராணி.

நான் கிளம்ப விடைபெறப் போனபோது நிர்மலா கரும்பலகைக்குக் கீழே கம்பளி போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜெயராணி ஒரு துணிமூட்டையை அவிழ்த்து வைத்து, ஈரம் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊர்க்காரங்களை மறிச்சுட்டு நீ மட்டும் மூட்டை கட்டிட்டு வந்தியா?" என்று சீண்டினேன்.

"நான் ஒண்ணும் வீட்டுக்குத் திரும்பிப் போகலை. இது காம்பரா அலுமாரியில இருந்துச்சு. மத்தியானம் பிள்ளைங்க தூங்குறப்ப அங்கதானே தைப்பேன்."

உள்ளே குழந்தைச் சட்டைகள் பதினொன்று இருந்தன. அவளுடைய பழைய நூல்சேலைகளை வெட்டித் தைத்தவை. கழுத்து உறுத்தாமல் ஒவ்வொன்றுக்கும் மடித்துப் பொடித்தையல் போட்டிருந்தாள். கடைசி இரண்டும் மூன்று வயதுப் பிள்ளைக்கான அளவு.

"ஆண்டவர் எந்த நேரமும் வந்துருவாருன்னு வாராவாரம் சொல்றியே," என்றேன். "மூணு வயசுக்குத் தச்சு வச்சிருக்கியேடி?"

ஜெயராணி மகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "வந்துட்டா இது ஒண்ணும் வேணாம் திலகா. வரலைன்னா பிள்ளைக்குக் குளிரும்ல."